வயதான பூனைக்குச் சிறுநீரகம் தளரும்போது: என்ன செய்வது, எவ்வளவு ஆகும்

உங்கள் பூனைக்கு 10 வயது தாண்டிவிட்டதா? முன்பைவிட அடிக்கடி தண்ணீர்க் கிண்ணத்தருகே நிற்கிறதா? லிட்டர் தட்டில் (பூனை மலசலம் கழிக்கும் மணல் தட்டு) சிறுநீர் பட்டு உறையும் மணல்கட்டிகள் பெரிதாகின்றனவா? முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுகிறதா? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எங்கள் வீட்டு வெள்ளச்சிக்குச் சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்தபோது, எந்தப் பரிசோதனையை முதலில் எடுப்பது, எதை எந்தக் கடையில் வாங்குவது, மாதம் எவ்வளவு ஒதுக்குவது என்று வரிசையாகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. டாக்டர்கள் நல்லவர்கள்தான். ஆனால் வெளியே பத்து நாய்கள் காத்திருக்கும்போது அவர்களால் எவ்வளவு நேரம் பேச முடியும்? பல இடங்களில் அலைந்து கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் இருப்பது சென்னையில், அதனால் விலையெல்லாம் இங்கத்திய நிலவரம். மருந்தின் அளவு மட்டும் ஒவ்வொரு பூனைக்கும் மாறும். அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

1. முதல் செலவு: ஒரு தராசு

பூனை தன் நோயைக் காட்டிக்கொள்ளாது. சிறுநீரகத்தின் பெரும்பகுதி பழுதான பிறகுதான் வாந்தி, வாய் நாற்றம், சாப்பாட்டில் வெறுப்பு எல்லாம் வெளியே தெரியும். அதற்கு வெகுமுன்பே எடை குறையத் தொடங்கிவிடும். தினமும் பார்க்கும் நமக்கு அது கண்ணில் படாது, தராசில் படும்.

குழந்தைகளை எடை போடும் டிஜிட்டல் தராசு போதும். 10 கிராம் வித்தியாசம் காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். நாம் ஏறி நிற்கும் தராசில் பூனையைத் தூக்கிக்கொண்டு நின்று கழித்துப் பார்ப்பது இதற்கு உதவாது, அதில் 100, 200 கிராம் முன்பின் ஆகிவிடும். 4 கிலோ பூனை 400 கிராம் இழந்தால் அது உடம்பில் பத்தில் ஒரு பங்கு. 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைத்ததற்குச் சமம்.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், சாப்பாட்டுக்கு முன் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். 7 வயது முதலே தொடங்கினால் இன்னும் நல்லது.

2. ஒரு கோப்பு தொடங்குங்கள்

டாக்டர் மாறினாலும், இரவில் வேறு மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தாலும், இந்தக் கோப்புதான் கைகொடுக்கும். அதில் இருக்க வேண்டியவை:

- தடுப்பூசிப் புத்தகம், கருத்தடை செய்த விவரம்
- எல்லா ரத்தப் பரிசோதனைத் தாள்களும், தேதி வரிசையில்
- எடை நோட்டு
- இப்போது கொடுக்கும் மருந்துகள்: பெயர், மில்லிகிராம், எந்த நேரம்
- ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது இருந்தால் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில்

பழைய தாள்களை அலட்சியமாக விடாதீர்கள். ஐந்து வருடத்துக்கு முன்பு கருத்தடைக்காக எடுத்த ரத்தப் பரிசோதனைகூட இப்போது பயன்படும். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடும். அது 1.5 என்பது தாளில் சரியான அளவாகத் தெரியலாம். ஆனால் அதே பூனைக்கு முன்பு 0.9 இருந்தது என்றால் கதையே வேறு. இந்த வித்தியாசத்தைப் பழைய தாள் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

பரிசோதனை முடிவை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் போதாது, அச்சிட்ட தாளையும் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: விந்தி நடப்பது, இருமுவது, தலையை ஆட்டுவது போன்றவற்றை வீட்டிலேயே வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவமனை மேசையில் பூனை உறைந்துபோய் உட்கார்ந்திருக்கும், எதையும் செய்து காட்டாது.

3. எங்கே காட்டுவது

அருகில் ஒரு தனியார் மருத்துவர், சிக்கலான கட்டத்துக்கு ஒரு பெரிய மருத்துவமனை, இரண்டும் வேண்டும். சென்னையில் வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கட்டணம் குறைவு, துறைவாரியாக மருத்துவர்களும் இருக்கிறார்கள். நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. காலையிலேயே போய்விடுங்கள், அரை நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாய்கள் நிறைய வரும் இடம் என்பதால் பூனையைத் தூக்கிச் செல்லும் கூடையை ஒரு துண்டால் மூடி, தரையில் வைக்காமல் மடியிலேயே வைத்திருங்கள்.

தனியார் மருத்துவமனை எதுவானாலும் போகும் முன் போனில் கேட்க வேண்டியவை மூன்று. பூனைக்கு டாப்ளர் கருவியில் (ரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்டு அளப்பது) ரத்த அழுத்தம் பார்ப்பீர்களா? சிறுநீர்ப் பரிசோதனை செய்வீர்களா? இரவில் ஆள் இருப்பார்களா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்று சொல்லும் இடம் சற்றுத் தொலைவில் இருந்தாலும் அங்கேயே போங்கள்.

4. கூடைக்குப் பழக்குங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேல்பக்கமும் திறக்கும் கூடையாக வாங்குங்கள். பரணில் ஏற்றாமல் கூடத்திலேயே திறந்து போட்டு, உள்ளே பழைய துணியை விரித்து, அவ்வப்போது தின்பண்டம் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பூனை அதற்குள்ளேயே தூங்கத் தொடங்கும். ரொம்பப் பயப்படும் பூனைக்கு, புறப்படும் முன் கொடுக்க காபாபென்டின் மாத்திரையை டாக்டர் எழுதித் தருவார். சிறுநீரகக் கோளாறு இருக்கிறதென்று சொல்லிவிடுங்கள், அளவைக் குறைப்பார்.

5. கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனைகள்

வெறும் கிரியேட்டினினை மட்டும் பார்த்துவிட்டு மருந்து எழுதும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. வயதான பூனைக்கு அது போதாது. இவை எல்லாம் வேண்டும்:

முதலில் ரத்தம். ரத்த அணுக்கள், கிரியேட்டினின், யூரியா, பாஸ்பரஸ், பொட்டாசியம், சர்க்கரை, கல்லீரல் அளவுகள். கூடவே டி4 என்னும் தைராய்டு அளவு. பூனைக்கு வயதானால் தைராய்டு அதிகமாகச் சுரக்கலாம். அப்போது நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே இளைக்கும், இரவெல்லாம் கத்தும். அந்தக் கோளாறு இருந்தால் கிரியேட்டினின் குறைவாகக் காட்டிச் சிறுநீரக நோயை மறைத்துவிடும். அதனால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எஸ்.டி.எம்.ஏ. என்ற பரிசோதனை நோயைக் கிரியேட்டினினைவிட முன்னதாகக் காட்டும். பல இடங்களில் வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவதால் முடிவு வர ஓரிரு நாள் கூடுதலாக ஆகும்.

அடுத்து சிறுநீர். இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். சிறுநீரின் அடர்த்தி 1.035க்குக் கீழே இருந்தால் சிறுநீரகத்தால் நீரைச் சேமிக்க முடியவில்லை என்ற சந்தேகம் வரும். புரதம் கசிகிறதா என்று பார்க்கும் யு.பி.சி. அளவு 0.4க்கு மேல் போனால் தனி மருந்து தேவைப்படலாம்.

மூன்றாவது ரத்த அழுத்தம். சிறுநீரகம் தளர்ந்த பூனைகளுக்கு இது ஏறுவது சாதாரணம். 160க்கு மேல் நிலையாக இருந்தால் மருந்து தேவைப்படும். 180 தாண்டினால் விழித்திரை கழன்று ஒரே இரவில் பார்வை போகலாம். மனிதர்களுக்கான மின்னணுக் கருவியைக் கொண்டு வீட்டில் பார்க்க முயலாதீர்கள், பூனைக்கு அது சரிவராது. மருத்துவமனையில் பூனை ஐந்து பத்து நிமிடம் அமைதியாக இருந்த பிறகு, பல முறை பார்த்துச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள்.

இவற்றோடு வயிற்றுக்கு ஒரு அல்ட்ராசவுண்ட். கல், கட்டி, அடைப்பு இருந்தால் இதில்தான் தெரியும்.

முடிவு வந்ததும் ‘எந்த நிலை’ என்று கேளுங்கள். உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும், ஐ.ஆர்.ஐ.எஸ். என்ற சர்வதேசக் கால்நடைச் சிறுநீரக நிபுணர் குழுவின் கணக்குப்படி கிரியேட்டினின் 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை, 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது எடுத்த அளவை வைத்து நிலையை முடிவு செய்யக் கூடாது. நீர் ஏற்றித் தேறிய பிறகு மீண்டும் எடுத்துப் பார்த்துதான் சொல்ல முடியும். முதல் தாளில் பெரிய எண்ணைப் பார்த்ததும் மனம் உடைந்துவிடாதீர்கள். இரண்டாம் நிலையில் பிடிபட்ட பூனைகள் நல்ல கவனிப்பில் வருடக்கணக்கில் வாழ்கின்றன.

ஒரு எச்சரிக்கை. ரத்தம் எடுக்க வெறும் வயிறாக வரச் சொன்னால் சாப்பாட்டை மட்டும் நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். இந்த நோயில் சில மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருப்பதே கெடுதல்.

6. சாப்பாடு

நம் வீட்டுப் பூனைகள் பால் சோறு, தயிர் சோறு, மீன் தலை, நெத்திலி, கருவாடு என்று வளர்ந்தவை. சிறுநீரகம் தளர்ந்துவிட்டால் முதலில் நிறுத்த வேண்டியது கருவாடு, அதில் உப்பு அதிகம். அடுத்து முள்ளோடு கொடுக்கும் சிறுமீன், அதில் பாஸ்பரஸ் அதிகம். ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏற ஏற நோயும் வேகமாக முற்றும். இரண்டாம் நிலையில் பாஸ்பரஸ் 4.6க்குக் கீழேயும், மூன்றாம் நிலையில் 5க்குக் கீழேயும் இருப்பது நல்லது.

இதற்கென்றே சிறுநீரக உணவு விற்கிறார்கள். ராயல் கேனின், ஹில்ஸ் போன்ற நிறுவனங்களின் பொருள் இங்கே கிடைக்கிறது. ஆனால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழைய சாப்பாட்டில் ஒரு தேக்கரண்டி கலந்து தொடங்கி, மூன்று நான்கு வாரத்தில் மெதுவாக மாற்றுங்கள். உடம்பு சரியில்லாமல் குமட்டிக்கொண்டிருக்கும் நாளில் புது உணவை வைத்தால், அந்த வாசனையையே பூனை வெறுத்துவிடும். பிறகு எப்போது வைத்தாலும் தொடாது.

புது உணவைத் தொடவே மாட்டேன் என்கிறதா? சரி, பிடித்ததையே கொடுங்கள். சிறுநீரக உணவை வைத்துப் பட்டினி கிடப்பதைவிட வேறு எதையாவது சாப்பிடுவது மேல். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும், அது உயிருக்கே ஆபத்து. பிடித்த சாப்பாட்டோடு பாஸ்பரஸைப் பிடித்துவைக்கும் மருந்தைக் கலந்து கொடுக்க டாக்டர் வழி சொல்வார். அந்த மருந்து சாப்பாட்டோடு போனால்தான் வேலை செய்யும், தனியாகப் புகட்டிப் பயனில்லை.

தண்ணீரைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி, வீட்டில் மூன்று நான்கு இடங்களில் வையுங்கள். ஈர உணவில் இன்னும் இரண்டு கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் குழைத்துக் கொடுங்கள். கத்திரி வெயிலில் இது இரட்டிப்பு முக்கியம். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கைத்தான் தரும்.

7. மருந்துக்கடையில் கவனிக்க வேண்டியவை

பூனைக்கு எழுதும் பல மருந்துகள் மனிதர்களுக்கானவையே, சாதாரண மருந்துக்கடையில் கிடைக்கும். வசதிதான், ஆனால் சிக்கலும் அங்கேதான்.

ரத்த அழுத்தத்துக்குப் பெரும்பாலும் அம்லோடிபின் எழுதுவார்கள். வழக்கமான தொடக்க அளவு 0.625 மி.கி., அதாவது 2.5 மி.கி. மாத்திரையில் கால் பங்கு. கடையில் அதிகம் விற்பது 5 மி.கி. மாத்திரை, அதைக் கால் பங்காக வெட்டினால் அளவு இரட்டிப்பாகிவிடும். இன்னொரு பொறி: மருந்தின் பெயருக்குப் பின்னால் ஏ.டி., எச் போன்ற எழுத்துகள் இருந்தால் அது வேறு மருந்தும் சேர்ந்த கூட்டு மாத்திரை. பட்டையின் பின்பக்கத்தில் ‘அம்லோடிபின்’ மட்டும் இருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். மாத்திரை வெட்டும் சிறு பெட்டி ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

மாத்திரை புகட்டியதும் ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மி.லி. தண்ணீரை வாயின் ஓரமாக மெதுவாக விடுங்கள். இல்லையென்றால் மாத்திரை உணவுக்குழாயிலேயே ஒட்டிப் புண்ணாக்கும். டாக்ஸிசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக் மாத்திரை இதில் மிகவும் மோசம்.

இதை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அரை மாத்திரைகூடக் கொல்லும். மூட்டு வலிக்கு நாம் போடும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எதுவும் ஆகாது. நாய்க்கு உண்ணி போக விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தும் ஆகாது. பூங்கொத்தில் வரும் லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும்.

8. வீட்டில் தோலுக்கடியில் நீர் ஏற்றுவது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். மூன்றாம் நிலைக்கு வந்த பூனைகளுக்கு வாரம் சில முறை, சிலவற்றுக்குத் தினமும், நீர் ஏற்ற வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் மருத்துவமனைக்குப் போனால் பணமும் போகும், பூனையின் நிம்மதியும் போகும். வீட்டில் செய்தால் பத்து நிமிட வேலை. டாக்டரிடம் ‘எனக்குக் கற்றுக்கொடுங்கள், உங்கள் முன்னாலேயே ஒருமுறை நான் குத்துகிறேன்’ என்று கேளுங்கள். பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொடுப்பார்கள்.

வாங்க வேண்டியவை: ரிங்கர் லாக்டேட் (உடம்பில் ஏற்றும் உப்புக் கரைசல்) 500 மி.லி. பாட்டில், டிரிப் செட், 18 அல்லது 20 எண் ஊசிகள், பஞ்சு. சீட்டில் பெயரை முழுதாக எழுதி வாங்குங்கள். கடையில் ரிங்கர் லாக்டேட் இல்லையென்றால் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று டி.என்.எஸ். எடுத்துக் கொடுப்பார்கள். அதில் குளுக்கோஸ் இருக்கிறது. தோலுக்கடியில் ஏற்றினால் புண்ணாகிச் சீழ் வைக்கலாம். வாங்காதீர்கள்.

செய்யும் முறை இது:

பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வையுங்கள். உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சூடு தெரியக் கூடாது. ஜன்னல் கம்பியிலோ அலமாரிக் கைப்பிடியிலோ உயரமாகத் தொங்கவிட்டு, குழாயில் உள்ள காற்று போகும்வரை நீரை ஓடவிட்டு மூடுங்கள். சிலவகை பாட்டிலில் காற்று போக மேலே தனி ஊசி குத்த வேண்டும், அதையும் டாக்டரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூனை தானாக உட்காரும் இடத்திலேயே செய்யுங்கள், துரத்திப் பிடிக்காதீர்கள். இரு தோள்பட்டைக்கும் நடுவே தோலைத் தூக்கினால் கூடாரம் போல நிற்கும். அதன் அடிப்பகுதியில், உடம்புக்கு இணையாக ஊசியைச் செலுத்துங்கள். மெதுவாகக் குத்தினால்தான் வலிக்கும், தயங்காமல் செலுத்துங்கள். மறுபக்கம் நனைந்தால் ஊசி துளைத்து வெளியே வந்துவிட்டது என்று பொருள், எடுத்துவிட்டுப் புது ஊசி போடுங்கள். பாட்டிலில் உள்ள கோடுகளைப் பார்த்து, டாக்டர் சொன்ன அளவு இறங்கியதும் நிறுத்துங்கள். பெரும்பாலும் 100 மி.லி. அளவில் இருக்கும்.

முடிந்ததும் தோளில் ஒரு வீக்கம் நிற்கும். கொஞ்ச நேரத்தில் அது ஒரு முன்னங்காலுக்கு இறங்கும். பயப்பட வேண்டாம், சில மணி நேரத்தில் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த வேளை வரையும் வீக்கம் வற்றவில்லை என்றால் மேலும் ஏற்றாமல் டாக்டரை அழையுங்கள்.

அளவுக்கு மேல் நீர் ஏறினால் நுரையீரலில் தேங்கும், இதயக் கோளாறு உள்ள பூனைக்கு இது பெரிய ஆபத்து. அதனால் பூனை தூங்கும்போது 15 வினாடிக்கு எத்தனை முறை விலா ஏறி இறங்குகிறது என்று எண்ணி, நாலால் பெருக்குங்கள். 30க்கு மேல் தொடர்ந்து போனால் அன்றே சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு முறையும் புது ஊசி. பயன்படுத்தியதைக் குப்பையில் போட்டால் துப்புரவுப் பணியாளரின் கையில் குத்தும். தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து மூடி, மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள்.

9. செலவுக் கணக்கு

நான் விசாரித்த அளவில் சென்னைத் தனியார் மருத்துவமனைகளில் டாக்டர் கட்டணம் 400 முதல் 800 ரூபாய். முழு ரத்தப் பரிசோதனை 1,500 முதல் 3,000. அல்ட்ராசவுண்ட் 1,000க்கு மேல். முதல் மாதம் எல்லாம் சேர்த்து 8,000 வரை கையில் வைத்திருங்கள்.

அதன்பின் மாதாமாதம்: சிறுநீரக உணவுக்கு 2,000 முதல் 3,000, நீர் ஏற்றும் பொருட்களுக்கு 500 முதல் 1,000, மாத்திரைகளுக்குச் சில நூறு. உணவுதான் பெரிய செலவு. அம்லோடிபின், ரிங்கர் லாக்டேட் எல்லாம் மலிவானவை. நிலை சீராக இருந்தால் மூன்று அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், சிறுநீர், அழுத்தம் பார்க்க வேண்டும், அதற்கும் மாதம் கொஞ்சம் எடுத்து வையுங்கள். காப்பீடு எடுக்கலாமே என்று தோன்றும். ஏற்கெனவே உள்ள நோயை அதில் சேர்க்க மாட்டார்கள், வயது வரம்பும் உண்டு.

பணம் இறுக்கமாக இருந்தால் என் யோசனை: விலை உயர்ந்த சத்து மருந்துகளை விடுங்கள். ரத்த அழுத்தப் பரிசோதனையையும் சிறுநீர்ப் பரிசோதனையையும் விடாதீர்கள்.

10. விடியும்வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

வாயைத் திறந்து மூச்சு வாங்குவது. பின்னங்கால்கள் திடீரென இழுத்துக்கொண்டு, தொட்டால் சில்லென்று இருப்பது. ஆண் பூனை லிட்டர் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து ஒரு சொட்டுச் சிறுநீரும் போகாமல் கத்துவது. வலிப்பு. கண்மணிகள் விரிந்து சுவரில் முட்டிக்கொள்வது. ஒரு நாள் முழுக்க எதையும் சாப்பிடாதது.

இரவில் இயங்கும் மருத்துவமனையின் எண்ணை இன்றே போனில் சேமித்து, வீட்டில் உள்ள எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

11. கடைசி முடிவைப் பற்றி முன்கூட்டியே பேசுங்கள்

இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். பூனைக்குப் பிடித்த நான்கு காரியங்களை நோட்டில் எழுதுங்கள். வெயில் காய்வது, வாசலுக்கு வந்து வரவேற்பது, தன் முடியைத் தானே நக்கிச் சுத்தம் செய்வது, எதுவானாலும். தினமும் மாலையில் அன்றைய நாள் நல்லதா கெட்டதா என்று குறியுங்கள். கெட்ட நாட்கள் கூடி, அந்த நான்கில் மூன்று நின்றுபோனால், டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். கருணைக் கொலைக்கு ஒப்புதல் படிவத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும். முதலில் மயக்க ஊசி போட்டு, ஆழ்ந்து தூங்கிய பிறகே அடுத்த ஊசி போடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து செய்வார்களா என்றும் கேளுங்கள், சிலர் வருவார்கள். வீட்டில் அம்மா அப்பா, குழந்தைகள் எல்லோரிடமும் முன்பே பேசிவிடுங்கள், அந்த நேரத்தில் வாக்குவாதம் வேண்டாம்.

சொந்த மண் இருந்தால் மூன்றடிக்குக் குறையாமல் குழி வெட்ட வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்கள், செல்லப்பிராணிகளை எரியூட்டும் இடம் அருகே எங்கே இருக்கிறது, எத்தனை மணிவரை, கட்டணம் எவ்வளவு என்று மருத்துவமனையிலேயே கேட்டு, கோப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். மீதமாகும் பிரிக்காத ரிங்கர் லாக்டேட் பாட்டில்களையும் காலாவதி ஆகாத மாத்திரைப் பட்டைகளையும் டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள், வாங்க முடியாத இன்னொரு வீட்டுக்கு அவர் கொடுப்பார்.